உப்பு வண்டியும் மிக்கோலா படமும்

நடு உக்ரைனில் பழைய கிராமத்து வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு பூசிய மண்சுவர், வைக்கோல் கூரை. உள்ளே நுழைந்தால் ஒரு மூலையில் பெரிய அடுப்பு. அதற்குக் குறுக்கே எதிர்மூலையில், கிட்டத்தட்ட கூரையை ஒட்டி, மரப்பலகையில் தீட்டிய சாமி படங்கள். படங்களின் இரண்டு பக்கமும் தொங்கும்படி சிவப்பு நூலில் பூவேலை செய்த நீளமான துணி ஒன்றைப் போட்டிருப்பார்கள். துணியின் பெயர் ருஷ்னிக், மூலையின் பெயர் போகுத். கீழே மேசை, மேசைமேல் ரொட்டியும் உப்பும்.

வசந்தத்தில் வண்டி கட்டிப் புறப்படும் ஆண் இந்த மூலைக்கு முன்னால் வந்து நிற்பான். தாயோ மனைவியோ ஒரு படத்தை இறக்கிக் கையில் பிடித்து அவனை ஆசீர்வதிப்பாள். அவன் அதை முத்தமிடுவான். அதன் பிறகுதான் வெளியே வந்து நுகத்தடியில் கைவைப்பான். திரும்பி வர மாதக்கணக்காகும். சில ஆண்டுகளில் சிலர் திரும்புவதே இல்லை.

அந்த ஆணைச் சுமாக் என்பார்கள். கிரைமியாவின் உப்பேரிகளுக்கும் கருங்கடல், அசோவ் கடற்கரைகளுக்கும் மாட்டுவண்டியில் போய் உப்பும் கருவாடும் ஏற்றி வந்து ஊர் ஊராக விற்ற வணிகர்கள் இவர்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உக்ரைனின் உப்பும் மீனும், பிறகு துறைமுகத்துக்குப் போன தானியமும் பெரும்பாலும் இவர்களுடைய வண்டிகளில்தான் நகர்ந்தன. உக்ரேனிய நாட்டார் சமயக் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் உழவரைத்தான் முன்னால் நிறுத்துகிறார்கள். எனக்கு அதில் ஒரு குறை உண்டு. அந்தப் படங்களில் எந்தப் புனிதர் இடம்பெற்றார், எந்த மரத்தில் எந்த வண்ணத்தில் வந்தார், எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்பதையெல்லாம் சாலையும் சந்தையும் சேர்ந்து முடிவு செய்தன. வணிகனை விட்டுவிட்டு அந்தக் கலையைப் புரிந்துகொள்ள முடியாது.

சுமாக்குகள் தனியாகப் போவதில்லை. பத்து, முப்பது, சில சமயம் நூறு வண்டிகள் கூட்டமாகச் சேரும். நம் பழைய சொல்லில் சாத்து என்று சொல்லலாம். அவர்கள் சொன்னது வால்கா. தலைவன் ஓட்டமான். அவனுடைய முதல் வண்டியில் ஒரு சேவல் போகும், பொழுது சொல்ல. வண்டியை மாஷா என்பார்கள். அச்சு உட்பட எல்லாம் மரம். ஏறத்தாழ ஒரு டன் சுமக்கும். பின்னால் வண்டி மைச் சட்டி தொங்கும். மையாகப் பயன்பட்டது மரக்கீல். அதே கீலில் தங்கள் சட்டையையும் நனைத்து உடுத்திக்கொள்வார்கள், பேனும் கொள்ளைநோயும் அண்டாது என்று. உக்ரேனிய மொழியில் கொள்ளைநோய்க்குச் சுமா என்று பெயர். சுமாக் என்ற பெயரே அதிலிருந்து வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. இரவானால் வண்டிகளை அரண்போல வளைத்து நிறுத்தி நடுவில் தீ மூட்டுவார்கள். தலைக்கு மேலே பால்வீதி. உக்ரேனிய மொழியில் இன்றும் அதன் பெயர் சுமாக்குகளின் பாதை. தெற்கே உப்புக்குப் போய் வந்த வண்டிகளிலிருந்து சிந்திய உப்புதான் வானத்தில் அப்படித் தெரிகிறது என்பது கதை.

இப்படி வாழ்ந்தவனுக்குப் பயங்கள் என்னென்ன என்று யோசித்தால் போகுத்தில் இருக்கும் படங்களின் வரிசை தானாகப் புரிந்துவிடும்.

முதலில் மிக்கோலா, அதாவது புனித நிக்கோலாஸ். வழிப்போக்கருக்கும் படகோட்டிக்கும் வணிகருக்கும் காவல். உக்ரேனிய நாட்டார் படங்களில் மிக்கோலா இல்லாத வீட்டைக் காண்பது அரிது. நெற்றி அகன்று, வெள்ளைத் தாடி வட்டமாக, ஒரு கையில் நற்செய்தி நூல், மறு கை ஆசி. கீவ் நகரின் பழைய வணிகப் பகுதியான போதிலில் அவர் பெயரில் ஒன்றல்ல, பல கோயில்கள். தினிப்ரோ ஆற்றங்கரையில் 1770களில் கட்டிய ஒன்றின் பெயரே கரையோர மிக்கோலா. பயணம் போகும்முன் அங்கே வேண்டிக்கொள்வது படகுக்காரர் வழக்கம். கீவில் இன்னொரு கதையும் உண்டு. விஷ்ஹொரோதிலிருந்து படகில் திரும்பிய பெற்றோர் கைநழுவிக் குழந்தையைத் தினிப்ரோவில் விட்டுவிட்டார்கள். மிக்கோலாவை நினைத்து அழுதார்கள். மறுநாள் விடியலில் புனித சோபியா பேராலயத்தில் அவர் படத்துக்கு முன்னால் குழந்தை சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது. அந்தப் படத்துக்கு நனைந்த மிக்கோலா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அடுத்து மாடுகள். சுமாக்கின் முதலே அந்த வளைந்த கொம்புச் சாம்பல் எருதுகள்தான். எருது செத்தால் குடும்பம் கடனில் விழும். அதனால் கால்நடைக் காவலர் விளாசியும், வசந்தத்தில் புல்வெளியின் பூட்டைத் திறந்துவிடுகிற யூரியும், அதாவது குதிரைமேல் அமர்ந்து பாம்பைக் குத்தும் ஜார்ஜும், படமாக வீட்டுக்குள் வந்தார்கள்.

வர்வாரா வந்த காரணம் மனதைத் தொடுவது. திடீர்ச் சாவிலிருந்து, பாவமன்னிப்பும் நற்கருணையும் பெறாமல் சாகும் சாவிலிருந்து காப்பவள் அவள். நடுப்புல்வெளியில் காய்ச்சலில் விழுகிறவனுக்குப் பாதிரியார் எங்கிருந்து வருவார்? வர்வாராவின் திருப்பண்டங்கள் பல நூற்றாண்டுகள் கீவின் பொற்குவிமாட மிக்கேல் மடத்தில் இருந்தன. அவற்றின்மேல் வைத்து எடுத்த மோதிரங்களைக் கொள்ளைநோய்க்குக் காப்பு என்று யாத்திரிகர்கள் வாங்கிப் போனார்கள்.

பரஸ்கேவாவை மக்கள் வெள்ளிக்கிழமை என்றே அழைத்தார்கள், பியாத்னித்ஸ்யா. கிரேக்கத்தில் அவள் பெயரின் பொருளும் அதுதான். நூற்பவள், பெண்களின் துணை, கூடவே சந்தையின் காவல். செர்னிஹிவ் நகரில் பழைய சந்தைத் திடலிலேயே அவள் கோயில் நிற்கிறது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுந்த செங்கல் கோயில். இரண்டாம் உலகப் போரில் நொறுங்கி, பிறகு பழைய உருவத்தில் மீண்டும் கட்டப்பட்டது.

வீட்டில் விட்டுப் போகிறவர்களுக்கும் காவல் வேண்டுமே. வைக்கோல் கூரைக்குத் தீதான் எமன். அதற்கு எரிந்தும் கருகாத முட்செடி என்ற மாதாவின் படம். வீட்டில் எல்லாரும் வேண்டிக்கொள்ளும் நாள் பொக்ரோவா, மாதா தன் முக்காட்டை விரித்து உலகைக் காக்கும் திருவிழா. பழைய நாட்காட்டியில் அக்டோபர் 1. அதற்குள் வண்டிகள் திரும்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு மழை, சேறு, புல் இல்லை.

இந்தப் படங்களை எழுதியவனுக்குப் பொஹோமாஸ் என்று பெயர். கடவுளைப் பூசுகிறவன் என்று பொருள். சொல்லிலேயே ஒரு இளக்காரம் இருக்கிறது. படித்தவர்கள் இவன் கைவேலையைக் கண்டு முகம் சுளித்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் ரஷ்யப் பேரரசின் திருச்சபைத் தலைமை தேர்ச்சியில்லாதவர்களின் படங்களைக் கட்டுப்படுத்த ஆணைகளும் போட்டது. ஆனால் கைக்கு எட்டிய மரத்தில், கைக்கு எட்டிய வண்ணத்தில், ஏழை வீட்டுக்கு எட்டிய விலையில் படம் தந்தவன் இவன் ஒருவனே. பின்னணியில் தங்கத் தகடு ஒட்டப் பணமில்லாத இடத்தில் பெரிய பெரிய பூக்களை வரைந்தான். ரோஜாவும் துலிப்பும் சிவப்பாக, நீலமாக, மாதாவின் தலையைச் சுற்றி மொய்க்கும். ருஷ்னிக்கில் வீட்டுப் பெண் தைத்த பூவும் பலகையில் அவன் தீட்டிய பூவும் ஒரே குடும்பம். அதைக் குழந்தைத்தனம் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாலாவது வண்ணம் வாங்க வழியில்லாதவன் மூன்று வண்ணத்தில் ஒரு முகத்தை நிறுத்துகிறான். அதற்கு எவ்வளவு உறுதியான கண் வேண்டும்!

அவன் வானத்திலிருந்து எடுத்து வரையவில்லை என்பதும் உண்மை. கீவ் குகை மடத்தில் பெரிய ஓவியப் பட்டறை இருந்தது. அங்கே பயின்ற மாணவர்கள் 18ஆம் நூற்றாண்டில் பழகிய வரைபடச் சுவடிகள் இன்றும் பாதுகாப்பில் உள்ளன. மேற்கு ஐரோப்பிய அச்சுப் படங்களைப் பார்த்துப் பார்த்துப் போட்ட பிரதிகள் அவற்றில் நிறைய. அப்படித்தான் தன் விலாவிலிருந்து முளைத்த திராட்சைக் கொடியின் குலையைக் கிண்ணத்தில் பிழியும் கிறிஸ்து உக்ரேனியப் படங்களுக்குள் வந்தார். பட்டறையிலிருந்து ஊர் ஓவியன் கைக்கும், அங்கிருந்து வீட்டுச் சுவருக்கும் வருவதற்குள் அந்தத் திராட்சை உள்ளூர்த் தோட்டத்துச் செடியாகிவிடும்.

படம் வீட்டுக்கு வந்த வழி சந்தை. உக்ரைனின் பெரிய சந்தைகளின் பெயர்களைப் பாருங்கள்: கார்கிவில் திருமுழுக்குச் சந்தை, ரோம்னியில் இருந்து 1852இல் பொல்தாவாவுக்கு மாறிய எலியா சந்தை, ஊர் ஊருக்குப் பொக்ரோவா சந்தை. புனிதரின் நாள் எதுவோ அதுவே விற்பனை நாள். சுமாக் உப்பை இறக்கிய அதே திடலின் இன்னொரு ஓரத்தில் படங்கள் அடுக்கியிருக்கும். கார்கிவுக்கு வடக்கே, இன்று ரஷ்ய எல்லைக்குள் இருக்கும் போரிசிவ்கா என்ற உக்ரேனியக் குடியிருப்பில் ஊரே படம் எழுதிப் பிழைத்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளக்கும் தகடும் காகிதப் பூவும் வைத்த அவர்களுடைய படங்கள் தொலைதூரச் சந்தைகளுக்குப் போயின.

விற்பனையில் ஒரு நாகரிகம் இருந்தது. சாமி படத்தை வாங்கினேன், விற்றேன் என்று சொல்லக் கூடாது. மாற்றிக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். கையில் காசு மாறும், பேரமும் நடக்கும், ஆனால் வாயில் அந்தச் சொல் வராது. வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்ட மக்கள் ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் தங்கள் தொழில்மொழியிலிருந்து வேறு சொல்லை ஒதுக்கி வைத்தார்கள். கடவுள் விலைக்கு வரமாட்டார் என்பதும் தெரியும், ஓவியனுக்குக் கூலி வேண்டும் என்பதும் தெரியும். இரண்டையும் ஒரே சொல்லால் சமாளித்தார்கள்.

மேற்கே கார்பாத்திய மலைப்பக்கம் போனால் பலகைக்குப் பதில் கண்ணாடி. அங்கே ஹுட்சுல் மக்கள் வீடுகளில் 19ஆம் நூற்றாண்டில் கண்ணாடிப் படங்கள் நிறைந்தன. செய்முறையைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். எல்லாம் தலைகீழ். பலகையில் எழுதுகிறவன் முதலில் பின்னணியைப் பூசி, பிறகு ஆடை, பிறகு முகம், கடைசியாகக் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி என்று போவான். கண்ணாடிக்காரன் அந்த வெள்ளைப் புள்ளியில் தொடங்க வேண்டும். அதோடு கறுப்புக் கோடு: இமை, மூக்கு, விரல், ஆடை மடிப்பு. காய்ந்ததும் அதன்மேல் முகத்தின் நிறம், அதன்மேல் ஆடையின் சிவப்பு, எல்லாவற்றுக்கும் கடைசியில் பின்னணி. பார்க்கிறவர் மறுபக்கத்திலிருந்து பார்ப்பதால் வலது இடமாகும். ஆசி தரும் கை தப்பான கையாகிவிடாமல் இருக்க மாதிரிப் படத்தையே புரட்டி வைத்து வரைவார்கள். கோடு பிசகினால் துடைத்துத் திருத்த இடமில்லை, அடுத்த வண்ணம் அதை மூடாது, பிழைதான் முன்னால் நிற்கும். அந்தக் காலத்தில் கையால் செய்த கண்ணாடி லேசாக அலையடிக்கும். மாலையில் விளக்கேற்றினால் அந்த அலையில் புனிதரின் முகம் அசைவதுபோல இருக்கும். இவையும் குடும்பப் பட்டறைகளில் உருவாகி, திருவிழாக்களிலும் சந்தைகளிலும் கைமாறியவைதான்.

அந்த மேற்குப் பகுதிக்கும் உப்புக்கும் உறவு உண்டு. அங்கே உவர்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. தண்ணீரைக் காய்ச்சி உப்பெடுப்பார்கள். த்ரொஹொபிச் ஊரின் உப்பாலை இடைக்காலத்திலிருந்து ஓடியது. அந்த ஊரில் புனித யூரிக்கு ஒரு மரக்கோயில் இருக்கிறது. 1656இல் நாதியிவ் என்ற கிராமத்திலிருந்து அதைப் பிரித்து எடுத்து வந்து நிறுத்தினார்கள். கொடுத்த விலை உப்பு என்கிறது ஊர் வழக்கு. ஒரு கோயிலையே உப்பைக் கொடுத்து மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்! உள்ளே சுவர் முழுக்க 17ஆம் நூற்றாண்டு வண்ணங்களில் வேதாகமக் காட்சிகள். 2013இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த மரக்கோயில்களில் அதுவும் ஒன்று.

உப்பே ஒரு வகையில் புனிதப் பொருள். ஈஸ்டர் கூடையில் ரொட்டிக்கும் முட்டைக்கும் பக்கத்தில் ஒரு முடிச்சு உப்பும் மந்திரிப்புக்குப் போகும். பெரிய வியாழனன்று அடுப்பில் சுட்டு எடுத்த உப்பைப் படங்களுக்குப் பின்னால் வைத்திருந்து, மாட்டுக்கு நோய் வந்தால் தீவனத்தில் கலந்து கொடுப்பார்கள். தெற்கே சிவாஷ் உவர்க்கழியில் வெயிலில் வாரிய உப்பு வண்டியேறி, சந்தையில் இறங்கி, கடைசியில் அந்தப் போகுத் மூலைக்கே வந்து சேர்கிறது, அவனை வழியனுப்பிய அதே படத்துக்கு அடியில்.

வண்டியும் சும்மா இருக்கவில்லை. நுகத்தடியிலும் வண்டியின் பின்பலகையிலும் உளியால் கோலம் செதுக்கியிருப்பார்கள். வட்டத்துக்குள் ஆறிதழ்ப் பூ, அதன் பக்கத்தில் சிலுவை, சில சமயம் செய்த ஆண்டு. நுகம் எருதின் கழுத்தில் மாதக்கணக்கில் உரசி உரசிப் பளபளத்துவிடும். கோலத்தின் பள்ளங்களில் மட்டும் கீலின் கறுப்பு தங்கியிருக்கும். பெரெயாஸ்லாவ் ஊரில் 1964இல் தொடங்கிய திறந்தவெளி அருங்காட்சியகம் போன்ற இடங்களில் பழைய கிராம வாழ்வின் இத்தகைய பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

வழியில் இறந்தவனை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. புல்வெளியில், முடிந்தால் பழைய மேடு ஒன்றில், தோழர்கள் குழி தோண்டிப் புதைத்துச் சிலுவை நட்டுவிட்டு வண்டியை ஓட்டுவார்கள். எருதுகள் எஜமான் இல்லாமல் கதறுகின்றன என்று சுமாக் பாடல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஒடெசாவை ஒட்டிய உசாத்தொவே ஊரின் பழைய இடுகாட்டில் மஞ்சள் சுண்ணக்கல்லில் வெட்டிய தடித்த சிலுவைகள் நிற்கின்றன. கைகள் நுனியில் விரிந்து, ஆள் உயரத்துக்குக் குட்டையாக, பாதி மண்ணில் புதைந்து. கோசாக்குகளுடையவை என்பார்கள், சுமாக்குகளுடையவை என்பார்கள். பக்கத்திலேயே ஹஜிபே உவர்க்கழி, உப்பு வாரிய இடம்.

சுமாக்கின் தொழிலையும் பொஹோமாஸின் தொழிலையும் ஒரே காலத்தில் ஒரே சக்தி முடித்துவைத்தது. 1865இல் ஒடெசாவிலிருந்து பால்தாவுக்கு ரயில் ஓடியது. 1875இல் கார்கிவிலிருந்து வரும் பாதை கிரைமியாவின் செவஸ்தோபோல் வரை போய்ச் சேர்ந்தது. வண்டியில் மாதக்கணக்கில் வந்த உப்பு நாள்கணக்கில் வந்தது. மரியுபோல்காரரான ஓவியர் குயிஞ்சி அதே 1875இல் சுமாக் வண்டிகளை வரைந்தார்: சாம்பல் வானம், மழை, அச்சு வரை சேறு, ஊளையிடும் ஒரு நாய். அதில் பெருமிதம் ஏதும் இல்லை. முடிந்துபோகிற ஒன்றைப் பார்த்தவரின் படம் அது. உப்பை எடுத்துப்போன ரயில் திரும்பும்போது காகிதச் சாமிகளைக் கொண்டுவந்தது. யூஹிம் ஃபெசென்கோ ஒடெசாவில் நிறுவிய அச்சகத்திலிருந்து வண்ண அச்சில் மிக்கோலாவும் மாதாவும் கட்டுக்கட்டாகக் கிளம்பினார்கள். எந்தத் துறைமுகத்துக்குச் சுமாக் தானியம் கொண்டுபோய்க் கொட்டினானோ அங்கிருந்தே பொஹோமாஸின் பிழைப்புக்கு முடிவு வந்தது. ஆனாலும் அந்த அச்சுப் படங்களை மக்கள் அதே மூலையில் வைத்து அதே ருஷ்னிக்கைத்தான் போர்த்தினார்கள்.

சோவியத் காலத்தில் படங்கள் எரிந்தன, பரணில் ஒளிந்தன. சிற்பி இவான் ஹொன்சார் ஊர் ஊராக அலைந்து சேர்த்தவை கீவில் அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ரதொமிஷ்ல் ஊரில் பழைய ஆலைக் கட்டடம் ஒன்றில் மருத்துவர் ஓல்கா பொஹோமொலெத்ஸ் அமைத்தது வீட்டுப் படங்களுக்கென்றே ஒரு காட்சியகம். கோயில் படங்கள் அல்ல, போகுத்தில் இருந்த படங்கள். புகையேறிய முகங்கள், முத்தத்தில் தேய்ந்த ஓரங்கள்.

இந்த இரண்டு தொழிலும் ஒரே சிறுவன் வாழ்வில் சந்தித்தன. உக்ரைனின் தேசியக் கவிஞரும் ஓவியருமான தராஸ் ஷெவ்சென்கோ 1814இல் பிறந்தார். அடிமைக் குடியானவரான அவர் அப்பா ஹ்ரிஹோரி இடையிடையே சுமாக்காகவும் வண்டி ஓட்டினார், மகனையும் தெற்குப் பயணத்துக்குக் கூட்டிப்போனார். 1825இல் அப்பாவும் இறந்தபின் அந்தப் பையன் ஓவியம் கற்க ஆசைப்பட்டு, சாமி படம் எழுதும் கோயில் பணியாளர்களைத் தேடி அலைந்தான். லிசியான்காவில் ஒருவர் சேர்த்துக்கொண்டார். மூன்று நாள் திகிச் ஆற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தான், இரும்புத் தகட்டில் பச்சைத் தாமிர வண்ணம் அரைத்தான். நான்காம் நாள் தாராசிவ்காவில் இருந்த இன்னொருவரிடம் ஓடினான். அவர் பையனின் இடது உள்ளங்கையை விரித்துப் பார்த்து, இவனுக்குச் செருப்புத் தைக்கவும் வராது, பீப்பாய் கட்டவும் வராது என்று திருப்பி அனுப்பிவிட்டார். 1860இல் ஷெவ்சென்கோவே இதை எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்கு உக்ரேனிய வீடுகளில், பள்ளிகளில், படைமுகாம்களில்கூட, அவர் படம் சுவரில் இருக்கிறது, மீசையும் கம்பளித் தொப்பியுமாக. அதன் இரு பக்கமும் சிவப்பு நூல் பூவேலை செய்த ருஷ்னிக் தொங்குகிறது.